இரவல் வாங்கிய சாலையில் ஒரு பந்தயம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

கார் பந்தயத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். காரைக் கொஞ்சம் ஓரமாக நிறுத்திவிட்டு, அது ஓடும் சாலையைப் பற்றிப் பேசுகிறேனே. சிங்கப்பூர் மரினா பே பகுதியில் ஆண்டுதோறும் இரவில் ஃபார்முலா 1 பந்தயம் நடக்கிறது. அதற்கென்று தனியாகக் கட்டிய மைதானம் இல்லை. பெரும்பகுதி, மற்ற நாட்களில் பேருந்தும் டாக்சியும் ஓடுகிற தெருக்கள். பாடாங் திடலின் ஓரமாகப் போய், 1910-இல் திறந்த ஆண்டர்சன் பாலத்தின் மேல் கார்கள் பாய்கின்றன. குதிரை வண்டிக் காலத்துப் பாலம் அது. அதன் மேல் இந்த வேகம் என்பதை இன்றும் வியப்போடுதான் பார்க்கிறேன்.

முதல் பந்தயம் 2008 செப்டம்பர் 28. ஃபார்முலா 1 வரலாற்றிலேயே இரவில் நடந்த முதல் பந்தயமும் அதுதான். ஏன் இரவு? தொலைக்காட்சிதான் முக்கியக் காரணம். சிங்கப்பூரில் இரவு 8 மணி என்றால் ஐரோப்பாவின் பெரும்பகுதியில் பிற்பகல் 2 மணி. அங்கே ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டை முடித்துவிட்டு வசதியாக உட்கார்ந்து பார்க்கலாம். ஓட்டுநர்களும் சிங்கப்பூர் வந்த பிறகு ஐரோப்பிய நேரத்திலேயே வாழ்கிறார்கள். விடியும் நேரத்தில் படுக்கை, மதியத்துக்கு மேல் காலைச் சாப்பாடு!

இப்போது வெளிச்சத்துக்கு வருவோம். ஃபார்முலா 1 காரில் முகப்பு விளக்கு கிடையாது. மணிக்கு 300 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு வினாடிக்கு 83 மீட்டர். ஒரு முறை கண் சிமிட்டுவதற்குள் கார் பதினைந்து இருபது மீட்டர் போய்விடும். அந்த வேகத்தில் சாலையில் ஒரு நிழல் விழுந்திருந்தால் அது நிழலா, எண்ணெய்க் கறையா என்று யோசிக்க நேரமே இல்லை. அதனால் வெறுமனே வெளிச்சம் போதாது, நிழலே விழாத வெளிச்சம் வேண்டும். அது ஓட்டுபவர் கண்ணையும் கூசக்கூடாது.

ஏறக்குறைய 5 கிலோமீட்டர் நீளத் தடம் முழுக்க, சுமார் 1,600 விளக்குகளை வரிசையாகத் தொங்கவிட்டு, ஒவ்வொன்றின் கோணத்தையும் பார்த்துப் பார்த்துத் திருப்பி வைத்தார்கள். வலேரியோ மயோலி என்ற இத்தாலியர் வடிவமைத்த ஏற்பாடு அது. தரையில் விழும் ஒளி சுமார் 3,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). நம் தெருவிளக்குக்குக் கீழே 20 லக்ஸ் இருந்தால் பெரிது. மின்சாரத்துக்கு ஜெனரேட்டர்கள், ஒன்று நின்றால் கைகொடுக்க இன்னொன்று. மழை பெய்து நனைந்த தரை கண்ணாடிபோல மின்னினால் என்ன ஆகும் என்ற பயம் மட்டும் பல ஆண்டுகள் இருந்தது. 2017-இல் முதல்முறையாக ஈரத் தரையில் பந்தயம் தொடங்கியது. தொடங்கிய சில நொடிகளிலேயே முன்வரிசைக் கார்கள் மோதிக்கொண்டன, ஆனால் விளக்குகளைக் குறைசொல்ல முடியாது.

தெரு என்பதால் இன்னொரு தொல்லை, தரைக்கு அடியில் இருப்பவை. சாக்கடை மூடி, குடிநீர்க் குழாய் மூடி எல்லாவற்றையும் அசையாமல் இறுக்க வேண்டும். இந்தக் கார்கள் தரையோடு ஒட்டிப் பறப்பவை, அடியில் உண்டாகும் உறிஞ்சல் இரும்பு மூடியையே பெயர்த்துவிடும். 2023-இல் லாஸ் வேகாஸ் தெருத்தடத்தில் அப்படித்தான் ஒரு மூடி பெயர்ந்து கார்லோஸ் சைன்ஸின் காரைப் பதம் பார்த்தது. பயிற்சி ஓட்டமே நின்றுபோனது.

அப்புறம் சுவர். வழக்கமான பந்தயத் தடத்தில் தவறினால் புல்லிலோ மணலிலோ போய் நிற்கலாம். இங்கே நேராகக் கான்கிரீட். ஒரு கார் மோதினாலே சேஃப்டி கார் வந்து எல்லாரையும் மெதுவாக்கும். 2023 வரை இங்கே நடந்த ஒவ்வொரு பந்தயத்திலும் அது வந்திருக்கிறது. இதைத்தான் 2008-இல் ரெனோ அணி கெட்ட வழியில் பயன்படுத்தியது. நெல்சன் பிக்கே ஜூனியர் வேண்டுமென்றே சுவரில் மோதினார். அதற்குச் சற்று முன்பே எரிபொருள் நிரப்பி முடித்திருந்த அணித்தோழர் ஃபெர்னாண்டோ அலோன்சோ, சேஃப்டி கார் வந்தபின் மற்றவர்கள் நிரப்பப் போனதும் முன்னேறி வென்றார். உண்மை அடுத்த ஆண்டுதான் வெளிவந்தது. அதுவரை முன்னிலையில் இருந்த ஃபெலிப்பே மாசா, அந்தக் குழப்பத்தில் எரிபொருள் நிரப்பும் குழாயைக் கழற்றும் முன்பே அதோடு கிளம்பி 13-ஆவதாக முடித்தார். அந்த ஆண்டு உலகப் பட்டம் அவருக்கு ஒரே ஒரு புள்ளியில் கைநழுவியது. பொதுமக்களின் தெருவில் வந்து இப்படி ஒரு மோசடி செய்தார்களே என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஏனென்றால் அந்தச் சாலை இரவல் வாங்கியது. அதற்கு உரிய மரியாதையைக் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. சென்னையிலும் 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 நாட்களில் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் தடத்தில் இரவுப் பந்தயம் நடந்தது. பக்கத்திலேயே ஓமந்தூரார் அரசு மருத்துவமனை இருக்கிறதே, சத்தமும் நெரிசலும் என்ன செய்யும் என்று கேட்டார்கள், வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. நியாயமான கேள்வி. முதல் நாள் பாதுகாப்புச் சான்றிதழ் வரத் தாமதமானதும் பலர் சலித்துக்கொண்டார்கள். என்னைக் கேட்டால், சான்றிதழ் கைக்கு வரும்வரை கார்களை இறக்காமல் வைத்திருந்ததுதான் சரி.

உங்களில் யாராவது சிங்கப்பூர் போய்ப் பார்ப்பதாக இருந்தால், வெள்ளிக்கிழமைப் பயிற்சி ஓட்டத்துக்கே போங்கள். டிக்கெட் விலை குறைவு. ஒரு திருப்பத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு, கார் போன பிறகு தரையைப் பாருங்கள். நிழல் விழுகிறதா என்று நீங்களே தேடிப் பார்க்கலாம். நன்றி.