தொட்டிலுக்கு அடியில் அரிவாள்

நேயர்களுக்கு வணக்கம்.

செட்டிநாட்டுப் பேய்களைப் பற்றிப் பேசுங்கள் என்று அழைத்திருக்கிறார்கள். இப்போது நம் பக்கத்துப் பெரிய வீடுகளுக்குப் பேய்க்கதைப் பஞ்சமே இல்லை. கானாடுகாத்தான் பக்கம் பூட்டிக் கிடக்கிற ஒரு வீடு கண்ணில் பட்டால் போதும், கைபேசியைத் தூக்கிக்கொண்டு வந்து, ‘ராத்திரியானால் இங்கே கொலுசுச் சத்தம் கேட்கும்’ என்று படம் பிடித்துப் போட்டுவிடுகிறார்கள். அந்த வீடு பூட்டிக் கிடப்பதற்குக் காரணம் பேய் இல்லை, பங்காளிகள். விற்பதற்குக் கையெழுத்துச் சேராது, ஓடு மாற்றப் பணம் சேராது. அதை விடுங்கள்.

நான் சொல்ல வந்தது, வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், உட்கார்ந்து பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்ட பேய்களை. ஆண் பேய்களும் உண்டுதான். முனி ஆலமரத்தடியில் நிற்கும், சுருட்டு நாற்றம் வரும், பார்த்தவனுக்குக் காய்ச்சல் வரும், கதை முடிந்தது. பெண் பேய் அப்படி இல்லை. அவள் பிள்ளை பெறும்போது போனவளாக இருப்பாள், இல்லையென்றால் பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டுக் கிணற்றில் விழுந்தவளாக இருப்பாள். அவளுக்கு ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது. கேட்க வருகிறாள்.

எங்கள் அப்பத்தா சொன்ன கதை ஒன்று. பக்கத்து ஊரில் ஒரு வீடு. மாப்பிள்ளை ரங்கூனில், கொண்டுவிக்க, அதாவது தொழில் பார்க்க, போன இடத்தில். பெண் தலைப்பிரசவத்துக்கு ஆத்தா வீட்டுக்கு வந்திருக்கிறாள். பிள்ளை பிழைத்தது, அவள் பிழைக்கவில்லை. பதினாறு கழிந்த பிறகு, நடுச்சாமத்தில் தொட்டில் தானாக ஆடுகிறது. ஊரே கூடி யோசனை சொல்கிறது: தொட்டிலுக்கு அடியில் அரிவாளைப் போடு, வாசலில் வேப்பிலையைச் செருகு, விளக்குமாற்றைக் குறுக்கே வை. பிள்ளையின் ஆயா, அதாவது செத்தவளைப் பெற்றவள், எதற்கும் சம்மதிக்கவில்லை. ‘எம் மகளுக்கு எதுக்குடி அருவா?’ என்றாளாம். அன்று ராத்திரி தொட்டில் ஆடியபோது, இருட்டைப் பார்த்து, ‘பிள்ளை பால் குடிச்சிட்டுத் தூங்குது ஆத்தா, நீ போயிட்டு வா’ என்றாளாம்.

நாங்கள் பிள்ளைகள் எல்லாம், ‘அதோட நின்னுச்சா அப்பத்தா?’ என்று கேட்போம். ‘நிக்கலே. அதுக்கப்புறம் யாரும் பயப்படலே, அவ்வளவுதான்’ என்பார்.

கதையில் இரண்டு தாய்மார் இருக்கிறார்கள். ஒருத்தி செத்தவள். இன்னொருத்தி அவளைப் பெற்றவள். பிந்தையவளுக்கு மகளும் போனாள், மகள் பிள்ளையை வளர்க்கிற வேலையும் வந்தது. அந்த மகளுக்கு எதிராகவே காவல் வை என்கிறது ஊர். பேய்க்கதை சொல்கிறவர்கள் பயத்தைத்தான் கவனிப்பார்கள். எங்கள் அப்பத்தா அந்த ஆயாவைக் கவனித்துச் சொன்னார். அவர் பெற்றவற்றில் இரண்டு தங்கவில்லை என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிய வந்தது.

அந்தக் காலத்துப் பிரசவம் என்றால் ஒரு மருத்துவச்சி, ஒரு இருட்டறை. ரத்தப்போக்கு நிற்காமல் போனவர்கள், பிரசவ ஜன்னியில் போனவர்கள் எத்தனையோ. சீமைக்குப் போன ஆண், பெட்டியடியில், அதாவது அங்கே போட்ட வட்டிக்கடையில், தவணை முடிந்து திரும்ப மூன்று வருஷம்கூட ஆகும். செய்தி கப்பலில் போய்ச் சேர வேண்டும். அழவேண்டிய ஆண் அந்த வீட்டில் இல்லவே இல்லை.

செத்தவள் பெரியவளாக இருந்தால் மாரடித்து ஒப்பாரி வைக்கலாம். சிசு போனால்? பொழுது விடிவதற்குள் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வருவார்கள். பெரிய சடங்கு கிடையாது, திதி கிடையாது. பெற்றவளிடம், ‘அழாதே, பால் கட்டிக்கும்’ என்பார்கள். ‘அடுத்தது நல்லா வரும்’ என்பார்கள். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் அந்த அழுகை எங்கே போகும்? கதைக்குள் போனது என்று நினைக்கிறேன். சடங்கில் இடம் கிடைக்காத துக்கத்துக்குப் பேய்க்கதையில் இடம் கிடைத்தது.

பேயோட்டுகிற இடத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பூசாரி உடுக்கையை அடித்துக்கொண்டு, ‘நீ யாரு? எந்த ஊரு? எப்படிச் செத்தே? உனக்கு என்ன வேணும்?’ என்று கேட்பார். பிள்ளை போன பெண்ணை அவள் வீட்டில் ஒருவரும் அதுவரை கேட்டிராத கேள்விகள். பேயின் பெயரில் அவள் பதில் சொல்லலாம், கத்தலாம், மாமியாரைக்கூட ஏசலாம். அதுவரைக்கும் எனக்கு அந்தச் சடங்கின்மேல் மரியாதை உண்டு. பிறகு அடிப்பதும், தலையில் கல்லை ஏற்றி ஓடவைப்பதும், உச்சிமுடியை அறுத்துப் புளியமரத்தில் ஆணியடிப்பதும் இருக்கிறதே, அதன்மேல் கிடையாது.

ஆணி என்றதும் மலாயா நினைவுக்கு வருகிறது. நம் ஆட்கள் பினாங்கிலும் ஈப்போவிலும் பெட்டியடி போட்டு உட்கார்ந்திருந்த நாட்டில் பொந்தியானாக் என்று ஒரு பேய் உண்டு. அவளும் பிரசவத்தில் போனவள்தான். பிடரியில் ஆணியடித்தால் அடங்கி, நல்ல மனைவியாகக் குடித்தனம் நடத்துவாளாம். பிடுங்கினால் மறுபடி பேய். லங்சுயர் என்று இன்னொருத்தி. பிரசவத்தில் செத்தவள் அப்படி ஆகாமலிருக்க, வாயில் கண்ணாடி மணியும், அக்குளில் முட்டையும், உள்ளங்கையில் ஊசியும் வைத்துப் புதைப்பார்களாம். மணி எதற்கு? அவள் வாய் திறந்து அலறக்கூடாது என்பதற்கு. கடல் தாண்டியும் பயம் அவள் வாயைப் பார்த்துத்தான்.

நம்மிடம் அதற்கு நேர்மாறான ஒரு வழக்கமும் இருந்தது. சுமைதாங்கிக் கல். இரண்டு கல்லை நட்டு, மேலே குறுக்கே ஒன்றைப் போட்டிருப்பார்கள், தலைச்சுமையை யார் துணையும் இல்லாமல் இறக்கிவைக்கிற உயரத்தில். வயிற்றுப் பிள்ளையோடு இறந்தவளுக்காக நடுவது அது. அவள் இறக்காத சுமையை வழிப்போக்கர்கள் இறக்கட்டும் என்று. ஒரே சாவுக்கு ஓரிடத்தில் ஆணி, ஓரிடத்தில் கல். சாலையை அகலப்படுத்தும்போது முதலில் பெயர்ப்பது இந்தக் கற்களைத்தான். கேட்க ஆள் இல்லை.

வணிகர்களுக்குச் சொல்லும் பேய்க்கதை பழையனூர் நீலி. சம்பந்தர் தேவாரத்திலேயே அதற்குக் குறிப்பு இருக்கிறது. முற்பிறப்பில் தன்னைக் கொன்றவன் செட்டியாகப் பிறந்து வழியில் வர, நீலி ஒரு கள்ளிக் கொம்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ‘இவர் என் புருஷன்’ என்று வழக்குப் பேசுகிறாள். இறக்கிவிட்ட பிள்ளை நேரே அவனிடம் போய் ‘அப்பா’ என்கிறது. எழுபது வேளாளர்கள் அதை நம்பி அவன் உயிருக்குப் பிணை நின்று, நீலி அவனைக் கொன்றுவிட்டதும் சொன்ன சொல்லுக்காகத் தீக்குளிக்கிறார்கள். நன்றாகப் பின்னிய கதை. ஆனாலும் எனக்கு இதோடு ஒட்டவில்லை. தாய்மை இதில் வெறும் வேஷம், ஆண்களை ஏமாற்ற ஒரு சாட்சி. நல்லதங்காள் கதையில் அந்த வேஷம் இல்லை. நம் மாவட்டத்து மானாமதுரைக்கு வாழ்க்கைப்பட்டவள் அவள். பஞ்சத்தில் அண்ணன் வீட்டுக்கு நடந்து போய், அண்ணியிடம் அவமானப்பட்டு, ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போட்டுத் தானும் விழுந்தாள். அவளைப் பேயாக்காமல் தெய்வமாக்கினார்கள். ஓடிப்போன மூத்தவனையும் பிடித்துப் போட்டாள் என்கிற இடத்தில் மட்டும் கதை கேட்கிற ஆச்சிமார் யாரும் பேசமாட்டார்கள்.

இவற்றுக்கெல்லாம் முன்னால், சம்பந்தருக்கும் முந்தி, ஒரு பெண் பேயைப் பற்றிப் பாடியிருக்கிறார். காரைக்கால் அம்மையார். வணிகர் வீட்டுப் பெண். கணவன் கப்பலேறிப் போய்ப் பாண்டி நாட்டில் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். பிறந்த மகளுக்கு இவர் பெயரையே வைத்து, ஒருநாள் குடும்பத்தோடு வந்து காலில் விழுந்தான். பிள்ளை பெறாத அந்தப் பெண் பேய் வடிவம் கேட்டு வாங்கிக்கொண்டார். சிவனே அவரை ‘அம்மையே’ என்று அழைத்ததாகச் சேக்கிழார் சொல்கிறார். அம்மையார் பாடிய திருவாலங்காட்டுப் பதிகத்தில் ஒரு பேய்த்தாய் வருகிறாள். நிணத்தை விழுங்குகிறாள், மண்டையோட்டு மாலை போடுகிறாள். பிறகு,

‘கழுதுதன் பிள்ளையைக் காளியென்று பேரிட்டுச் சீருடைத்தா வளர்த்துப்
புழுதி துடைத்து முலைகொடுத்துப் போயின தாயை வரவுகாணாது
அழுதுறங்கும் புறங்காட்டில்...’

பேய்க்கும் பிள்ளைக்குப் பேர் வைக்கத் தெரிகிறது, புழுதி துடைக்கத் தெரிகிறது. தாயைக் காணாமல் பிள்ளை அழுது அழுது தூங்கிப்போகிறது. பயமுறுத்த வேண்டிய சுடுகாட்டில் அம்மையார் கவனித்தது அந்தப் பிள்ளையை. பேயைப் பேயாகவே இருந்து பார்த்தவர் என்பதால் முடிந்ததோ என்னவோ.

நம் வீடுகளில் படைப்பு என்று ஒன்று இருக்கிறது. முன்னோரில் சுமங்கலியாகப் போன பெண்ணுக்குப் புதுச்சேலை வைத்துச் சோறு படைக்கிறோம். அவளோடு போன பிள்ளைக்கு ஒன்றும் வைப்பதில்லை. இந்த வருஷம் எங்கள் பங்காளிகளிடம் கேட்டேன், சேலைக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சட்டையும் வைத்தால் என்ன என்று. பெரியவர் ஒருவர், ‘வழக்கம் இல்லையே’ என்றார். பெண்கள் பக்கத்திலிருந்து ஒருவரும் அப்படிச் சொல்லவில்லை. அடுத்த வருஷம் மறுபடி கேட்பதாக இருக்கிறேன்.

வணக்கம்.