சேர்ந்த புதிதில் அடிபட்டால் இ.எஸ்.ஐ. கிடையாதா?

வணக்கமுங்க. பல்லடம் பக்கமிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் கட்டிங் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம்தான் அண்ணா. மெஷினில் ஆள்காட்டி விரல் முழுசாகப் போய்விட்டது. 78 நாள் சந்தா கட்டியிருந்தால்தான் இ.எஸ்.ஐ. பணம் வரும் என்கிறார்கள். நிஜமா?"

படித்ததிலிருந்து மனசு ஆறவில்லைங்க. இதையே சொல்லி எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பார்களோ!

இல்லைங்க தங்கச்சி. இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டில் 78 நாள் கணக்கு காய்ச்சல், காமாலை மாதிரி நோய்க்கு. வேலையில் அடிபட்டால் அந்தக் கணக்கே கிடையாது. சேர்ந்த முதல் நாள், முதல் ஷிப்டில் அடிபட்டாலும் உண்டு. நோய்க்குச் சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும். வேலைக் காயத்துக்கு 90 சதவீதம், ஆறும் வரைக்கும். நாள் சம்பளம் 500 என்றால் 450 வரும். ஆறின பிறகு மருத்துவக் குழு பார்க்கும். ஆள்காட்டி விரல் முழுசும் போனால் சட்டத்தின் அட்டவணையில் 14 சதவீத இழப்பு. 450-ல் 14 சதவீதம் 63 ரூபாய். அது தினக்கணக்கில் ஆயுசுக்கும் வரும்.

'முதலாளி என் பெயரையே பதியவில்லை' என்றாலும் பயப்பட வேண்டாம். அது அவர் செய்த தவறு. உங்களுக்குச் சேரவேண்டியதை இ.எஸ்.ஐ. கார்ப்பரேஷன் கொடுத்துவிட்டு அவரிடம் வசூலித்துக்கொள்ளச் சட்டத்தில் வழி இருக்கிறது. பத்துப் பேருக்குக் குறைவான சின்னத் தறிக்குடோன் என்றால் வேறு வழி. அங்கே முதலாளியே நஷ்டஈடு தரவேண்டும், தொழிலாளர் துறையில் மனுப் போடணும்.

சரி, நம்ம பழைய ஆட்களுக்கு நான் அடுத்து எங்கே வருவேன் என்று தெரியும். முதல் சீட்டு! ஆஸ்பத்திரியில் முதல் டாக்டர் எழுதுகிற சீட்டு. கோவை கணபதியில் ஒரு பவுண்டரிப் பையன். கை நசுங்கி ரத்தம் சொட்டச் சொட்டக் கூட்டிப்போகிற வழியிலேயே சூப்பர்வைசர் சொல்லிக்கொடுத்தாராம், "வண்டியில் விழுந்துட்டேன்னு சொல்லு கண்ணு, செலவைக் கம்பெனி பாத்துக்கும்." பையனும் அப்படியே சொன்னான். தையல் போட்ட செலவோடு கம்பெனி கையைக் கழுவிவிட்டது. அந்தச் சீட்டை மறுக்க அவன் அலைந்த அலைச்சல் கொஞ்சமில்லை. அதனால் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டாவது சொல்லுங்க: வேலை செய்யும்போது, இந்த மெஷினில், இத்தனை மணிக்கு. கம்பெனி விபத்துப் பதிவேட்டிலும் அன்றைக்கே ஏறணும்.

'உன் கவனக்குறைவுதானே, கையுறை போடலையே' என்பார்கள். காது கொடுக்காதீங்க. யார் தப்பு என்று பார்த்து இ.எஸ்.ஐ. பணம் தருவதில்லை. விதியை மீறியிருந்தாலும், கம்பெனி வேலைக்காகச் செய்தபோது பட்டது என்றால் அது வேலைக் காயம்தான்.

ஆனால் தங்கச்சி, நீங்கள் கேட்காத ஒன்று எனக்கு உறுத்துகிறது. அந்தக் கட்டிங் மெஷின் கத்திக்கு முன்னால் விரல் படாமல் இருக்கிற காப்பு எங்கே போச்சு? துணி அடுக்கு எவ்வளவு உயரமோ அதுவரைக்கும் அதை இறக்கிவிட்டுத்தான் வெட்டணும். பீஸ் ரேட் அவசரத்தில் மேலே தூக்கிக் கட்டிவிடுகிறார்கள். கம்பி வலைக் கையுறை அலமாரியில் புதுசாக மடித்தபடி கிடக்கும். மெஷினுக்கு வேலி போடுவது முதலாளி கடமை என்று 1948-ல் வந்த தொழிற்சாலைகள் சட்டமே சொல்லிவிட்டது. அதே மேசையில் இன்றைக்கு இன்னொருத்தர் நிற்பார் இல்லையா? வீட்டுக்காரரிடம் விசாரியுங்க. இன்னமும் தூக்கிக் கட்டித்தான் ஓட்டுகிறார்கள் என்றால், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு எழுதிப் போடுங்க.