ஓ.ரி. நின்றுவிட்டது, சனிக்கிழமை பயிற்சிக்குப் போவதா வேண்டாமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

உறவுகளே, வணக்கம். இன்றைக்கு நாலைந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லலாம் என்று எடுத்து வைத்திருந்தேன். ஆனால் அதில் ஒன்று சில நாளாக மனதுக்குள் கிடந்து குடைகிறது, அதனால் இன்று அது ஒன்றுதான்.

புதுக்குடியிருப்புப் பக்கமிருந்து ஒரு தங்கச்சி குரல்பதிவு அனுப்பியிருக்கிறார். ஆறு வருடமாகக் கார்மென்ட்ஸில் வேலை. இப்போது ஓடர் குறைவு, ஓ.ரி. (மேலதிக நேர வேலை) அறவே இல்லை. சனிக்கிழமைகளில் பயிற்சி வைக்கிறோம், விரும்பியவர்கள் வரலாம் என்று கொம்பனி சொல்லியிருக்கிறது. "அக்கா, காசில்லாத ரெயினிங்குக்குப் போய் என்ன பிரயோசனம்? ஆக்களைக் குறைக்கப் போறாங்கள் எண்டும் கதை அடிபடுது. அந்த நாளில வீட்டில இருந்து தைச்சுக் குடுத்தாலாவது நாலு காசு வருமே" என்று கேட்கிறார்.

நேரான பதில் முதலில். போங்கள். ஆனால் போவதற்கு முன் சுப்பவைசரிடம் ஒன்று கேளுங்கள்: எந்த மெஷினில் எந்த வேலை சொல்லித்தரப் போகிறீர்கள்? அதற்குத் தெளிவாகப் பதில் வந்தால் ஒரு சனிக்கிழமையையும் விடாதீர்கள். நேர ஒழுங்கு, ஒற்றுமை என்று பேச்சு மட்டும்தான் என்றால் வீட்டில் தைப்பதே மேல்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், ஒரு லைனில், அதாவது தையல் மெஷின்களை வரிசையாகப் போட்டிருக்கிற இடத்தில், வேலை எப்படி நடக்கிறது என்று வெளியில் இருப்பவர்கள் பலருக்குத் தெரியாது. ஒருத்தி கழுத்து மட்டும் தைப்பாள், ஒருத்தி கை பொருத்துவாள், இன்னொருத்தி கீழ்மடிப்பு அடிப்பாள், வருடக் கணக்காக அதையேதான் செய்வார்கள். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற அளவுக்கு வேகம் வந்திருக்கும், ஆனால் ஒரு முழுச் சட்டையை வெட்டித் தைக்கச் சொன்னால் கை தயங்கும். இது அந்தப் பிள்ளையின் குறை இல்லை, வேலையை அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஓடர் நிறைய இருக்கும்போது உங்களை எழுப்பி வேறு மெஷினில் பழக்க எந்தக் கொம்பனிக்கும் மனம் வராது, அன்றைய டார்கெட் விழுந்துவிடும். ஓடர் குறைந்த நேரத்தில்தான் மெஷினும் சும்மா நிற்கிறது, பழக்கத் தெரிந்தவருக்கும் நேரம் இருக்கிறது. சிங்கிள் நீடில் மெஷின் (ஒற்றை ஊசியில் நேர்த்தையல் அடிப்பது) மட்டும் தெரிந்தவர் ஓவர்லொக் (துணி ஓரம் பிரியாமல் அடிப்பது) பழகட்டும், அது தெரிந்தவர் பிளாட்லொக் (பனியன் துணியில் மடிப்பு அடிப்பது) பழகட்டும். இரண்டு லைனை ஒன்றாக்க வேண்டி வந்தால், யாருக்கு எத்தனை வேலை தெரியும் என்று சுவரில் எழுதி வைத்திருக்கிறார்களே, அந்த அட்டவணையைத்தான் முதலில் பார்ப்பார்கள். அப்புறம் மெஷின் திருத்துகிற வேலை. அதை ஏன் பொடியன்களுக்கு மட்டும் விட்டு வைத்திருக்கிறீர்கள்? ஊசி எந்த இடத்தில் உடைகிறது, நூல் எப்போது அறுகிறது என்று நாள் முழுக்க அதில் இருக்கிற உங்களுக்குத் தெரியாததா? மெக்கானிக் வரும்போது பக்கத்தில் நின்று பாருங்கள், கேளுங்கள்.

ஆட்குறைப்புப் பயம் நியாயமான பயம்தான். 2022 இல் விலைவாசி ஏற்றம் கிட்டத்தட்ட 70 வீதம் வரை போனதையும் பெற்றோலுக்குக் கியூஆர் காட்டி நின்றதையும் நாங்கள் யாரும் மறக்கவில்லை. 2025 ஏப்ரலில் அமெரிக்கா இலங்கைப் பொருட்களுக்கு 44 வீத வரி என்று அறிவித்து, பிறகு 30 என்று சொல்லி, அந்த வருடம் ஓகஸ்டில் 20 ஆக்கியது. அங்கே ஒருவர் வைக்கிற கையெழுத்தில் இங்கே ஓ.ரி. நிற்கிறது, அதை நீங்களும் நானும் தடுக்க முடியாது. ஆனால் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில், கடந்த 12 மாதத்தில் 180 நாளாவது வேலை செய்த ஒருவரை, ஒழுக்காற்று நடவடிக்கை தவிர்ந்த காரணத்துக்காக நிறுத்துவதென்றால், அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், இல்லாவிட்டால் தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். ஆகவே "இதில ஒரு சைன் வையுங்கோ" என்று தாள் நீட்டினால் வாசிக்காமல் வைக்காதீர்கள். நீங்களாக விலகுவதாக அதில் எழுதியிருந்தால் அதுவே சம்மதமாகிவிடும். தாளைக் கொண்டுபோய்த் தொழில் திணைக்கள அலுவலகத்தில் காட்டிக் கேளுங்கள்.

சரி, இனித் தங்கச்சி கேட்காத கேள்விக்கு வருகிறேன். எனக்கு அதுதான் பெரிய கேள்வி. ஆறு வருடமாகக் கை படித்ததை நாளைக்கு வேறொரு வாசலில் போய் எப்படிக் காட்டுவீர்கள்? வழமையாகப் பார்ப்பவர்களுக்கு நான் என்ன சொல்லப் போகிறேன் என்று தெரியும். கையில் இருப்பதைத் தாளில் ஏற்றுங்கள், தெரிந்த தொழிலுக்குச் சான்றிதழ் எடுங்கள்.

எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணையைப் பற்றி முன்பும் சொல்லியிருக்கிறேன், புதிதாக வந்தவர்களுக்காகத் திரும்பச் சொல்கிறேன். தொண்ணூறுகளில் போரால் எங்கள் பக்கம் பொருளாதாரத் தடை இருந்த காலம், பெற்றோலைக் கண்ணால் காண முடியாது. நாலு சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளை ஓட வைப்பார். உதிரிப்பாகம் வராது, பழையதைக் கடைந்து, உருக்கி, ஒட்டி அவரே செய்வார். அவரிடம் பழகாத பொடியன்கள் எங்கள் பக்கம் குறைவு. 2009 இல் போரில் கராஜும் போய், சாமான்களும் போய், மெனிக் பாம் அகதி முகாமில் இருந்துவிட்டு வெறுங்கையோடு ஊருக்குத் திரும்பினார். இரவல் ஸ்பனரோடு மரத்துக்குக் கீழே வேலை தொடங்கினார், ஆட்கள் தேடி வந்தார்கள். பிறகு வீதி வேலைக்கு வந்த ஒரு கொம்பனி மெக்கானிக் எடுத்தது. தாள் கேட்டார்கள், அவரிடம் இல்லை. உதவியாள் சம்பளம்தான் கொடுத்தார்கள். அவரிடமே தொழில் பழகிய பொடியன் ஒருவன் சான்றிதழோடு வந்து அவருக்கு மேலே போர்மனாக இருந்தான். எனக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் நெஞ்சு எரியும். பிறகு அவரும் செயன்முறைப் பரீட்சைக்குப் போய் நான்காம் மட்டத் தொழில் சான்றிதழ் எடுத்தார், சம்பளமும் மாறியது.

அந்த வழி உங்களுக்கும் திறந்துதான் இருக்கிறது. தேசிய தொழில்சார் தகைமை, எல்லோரும் சொல்கிற என்.வி.கியூ., 1 இலிருந்து 7 வரை மட்டங்கள். வகுப்புக்கே போகாமல் வேலை செய்து பழகியவர்களுக்கு, முன்கற்றலை அங்கீகரிக்கும் முறை என்று ஒன்று அதில் உண்டு. செய்த வேலைக்கான ஆதாரங்களைக் காட்டி, மதிப்பீட்டாளர் முன்னால் செய்தும் காட்டினால் மூன்றாம், நான்காம் மட்டச் சான்றிதழ் பெறலாம். மேசன், வயறிங், வெல்டிங், தையல், பேக்கரி என்று நிறையத் தொழில்களுக்கு இது இருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகார சபையில், அல்லது நைற்றா என்கிற தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையில் விசாரியுங்கள். இன்னும் படிக்க ஆசையுள்ள தம்பி தங்கச்சிமாருக்கு, கிளிநொச்சி அறிவியல் நகரில் ஜேர்மன் உதவியோடு கட்டிய பயிற்சி நிலையம் 2016 இலிருந்து இயங்குகிறது. ரவுனில் கடன் வாங்கிக் கட்டுகிற டிப்ளோமாவுக்குப் பணம் கொடுக்கும் முன், அந்த இடம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்யப்பட்டதா என்று பாருங்கள். பதிவு இல்லையென்றால் அந்தத் தாளை மதிப்பார்கள் என்று நம்பிக் கடன்படாதீர்கள், ஏற்கெனவே நுண்கடனால் எங்கள் பெண்கள் பட்டது போதும்.

கராஜ், வெல்டிங் கடை வைத்திருக்கிற அண்ணைமாரே, நீங்களும் கேளுங்கள். உங்களிடம் நிற்கிற பொடியன்களை நைற்றாவில் பயிலுநராகப் பதிய முடியுமா என்று போய்க் கேளுங்கள். வேலை மந்தமாக இருக்கிற இந்த மாதங்களில் அதைச் செய்துவிட்டால், நாளைக்கு உங்களால் சம்பளம் கொடுக்க முடியாமல் போனாலும் அவன் வெறுங்கையோடு போகமாட்டான்.

தங்கச்சி, நீங்கள் இந்த வாரமே கொம்பனியில் ஒரு சேவைக் கடிதம் கேளுங்கள், எந்தெந்த மெஷின் தெரியும் என்று அதில் எழுதித் தரச் சொல்லுங்கள். சம்பளச் சிட்டைகளை ஒரு பைலில் போடுங்கள், வீட்டில் முழுதாகத் தைத்த உடுப்புகளைப் படம் எடுத்து வையுங்கள். மதிப்பீட்டுக்கு எவ்வளவு கட்டணம், அடுத்தது எப்போது என்று கேட்கத் தனியாகப் போகாமல் லைனில் உள்ள இன்னும் இரண்டு மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு போங்கள், தையலுக்கு இத்தனை பேர் நிற்கிறோம் என்று அவர்களுக்கும் தெரியட்டும்.