பின்தொடர்பவன் அந்நியன் இல்லை

(ஒரு மகளிர் கல்லூரியில், மாணவிகளும் பெற்றோரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பேராசிரியர்களே, பெற்றோர்களே, மாணவிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

சமூக ஊடகப் பாதுகாப்பு என்றதும் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் ஹேக்கரில்தான் தொடங்குவார்கள். இருட்டு அறை, முகத்தை மூடிய ஒருவன், திரையில் பச்சை எழுத்துகள். நான் வழக்கறிஞர். அம்மாவோடோ தோழியோடோ என் அலுவலகத்துக்கு வந்து, பேச வார்த்தை வராமல் ஃபோனை மேசையில் வைத்து என் பக்கம் தள்ளுகிற பெண்களின் கதைகளில் அந்த இருட்டறைக்காரன் அபூர்வமாகத்தான் வருகிறான். வருகிறவன் பத்தாம் வகுப்பில் கூடப் படித்தவன், அண்ணனின் நண்பன், டியூஷனில் பார்த்தவன், இல்லையென்றால் ஒரு காலத்தில் காதலித்தவன். அவனுக்குக் கம்ப்யூட்டர் அறிவே தேவையில்லை. உங்கள் பிறந்தநாள் தெரியும், நாய்க்குட்டியின் பெயர் தெரியும், நீங்கள் எந்த பஸ்ஸில் வருவீர்கள் என்று தெரியும். தெரியாததை உங்களைச் சுற்றி இருப்பவர்களிடமிருந்து எடுத்துக்கொள்வான்.

"அக்கவுண்ட்டை பிரைவேட்டில்தான் மேடம் வைத்திருக்கிறேன், அப்புறமும் எப்படி அவனுக்குத் தெரிகிறது?" என்று கேட்பார்கள். எத்தனை ஃபாலோயர்கள் என்று திருப்பிக் கேட்டால் அறுநூறு, எழுநூறு என்று பதில் வரும். அது கல்யாண மண்டபம், கதவை மட்டும் சாத்தியிருக்கிறீர்கள். அவன் உள்ளேயே இருக்கலாம். அல்லது அவனுடைய நண்பன் உள்ளே இருந்துகொண்டு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பலாம். இன்று இரவு ஃபாலோயர் பட்டியலை ஒருமுறை முழுசாகப் பாருங்கள். முகம் நினைவுக்கு வராத பெயர்களை நீக்குங்கள். இன்ஸ்டாகிராமில் ஃபாலோயரை நீக்கினால் அவருக்கு அறிவிப்பு எதுவும் போகாது. "என்னை ஏன் எடுத்தாய்" என்று யாராவது வந்து கேட்டால், அவர் உங்கள் பக்கத்தைத் தேடிப் போய்ப் பார்த்திருக்கிறார் என்றாவது தெரியும்.

புது ரிக்வெஸ்ட் வருகிறது. தோழியின் பெயர், தோழியின் படம். "பழைய ஐடி போச்சுடி, இது புதுசு" என்று ஒரு மெசேஜ். தோழிக்கு ஒரு ஃபோன் போட்டுக் கேட்டுவிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். பொள்ளாச்சி வழக்கில் 2025 மே மாதம் கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கு சாகும் வரை ஆயுள் தண்டனை விதித்தது உங்களுக்குத் தெரியும். 2019-இல் வெளியே வந்த அந்தக் கொடுமை முகநூல் நட்பிலிருந்துதான் வளர்ந்தது.

இனி உங்கள் கையில் இல்லாத பக்கங்களுக்கு வருகிறேன். துறை விழாவில் எடுத்த படத்தைக் கல்லூரிப் பக்கத்தில் போட்டு உங்களை டேக் செய்கிறார்கள். உங்கள் அக்கவுண்ட் பூட்டியிருந்தாலும் அந்தப் பக்கம் திறந்துதான் கிடக்கிறது. டேக் வந்தால் நீங்கள் அனுமதித்த பிறகே உங்கள் புரொஃபைலில் தெரியும்படி ஒரு செட்டிங் இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் இந்த கன்ஃபெஷன் பேஜ், க்ரஷ் பேஜ் சமாச்சாரம். "பி.காம். செகண்ட் இயர், நேற்று பச்சை சுடிதார், 4.20 பஸ்ஸில் ஜன்னல் சீட்" என்று பெயரில்லாமல் ஒருவன் எழுதுகிறான். கீழே உங்கள் வகுப்புத் தோழிகளே சிரிப்பு எமோஜி போட்டு, பெயரையும் டேக் செய்துவிடுகிறார்கள். விளையாட்டுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆறு மாதமாக ஒருத்தியின் பெயர் தெரியாமல் அலைந்தவனுக்கு அந்த ஒரு டேக்கில் பெயர், வகுப்பு, ஐடி மூன்றும் கிடைத்துவிடுகிறது. இந்த அரங்கில் இருப்பவர்களில் அப்படி டேக் செய்தவர்களும் இருக்கலாம். இன்றைக்கே போய் எடுத்துவிடுங்கள்.

இடம் தெரிவதும் இப்படித்தான். லொக்கேஷனை ஆஃப் செய்துவிட்டேன் என்கிறீர்கள். ஆனால் ஸ்டோரியில் ஹால் டிக்கெட் வருகிறது, கழுத்தில் தொங்கும் ஐடி கார்டு வருகிறது, ஸ்கூட்டியின் நம்பர் பிளேட் வருகிறது. வெள்ளிக்கிழமைதோறும் அதே அம்மன் கோயில் பிரசாதத்தின் படம் வருகிறது. படம் போட வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு போடுங்கள். ஸ்னாப்சாட் வைத்திருப்பவர்கள் வரைபடத்தில் கோஸ்ட் மோடு, அதாவது நீங்கள் இருக்கும் இடத்தை மறைக்கும் வசதி, போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். கூகுள் மேப்ஸில் எப்போதோ ஒருவருக்கு லொக்கேஷன் ஷேர் செய்து, நிறுத்த மறந்திருப்பீர்கள். அதையும் திறந்து பாருங்கள்.

இப்போது பாஸ்வேர்டு. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான் கேட்பது வேறு. உங்கள் ஜிமெயிலைத் தொடங்கிக் கொடுத்தது யார்? பலருக்கு, பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து கவுன்சிலிங் விண்ணப்பம் போட பிரவுசிங் சென்டருக்குப் போனபோது, அங்கே இருந்த அண்ணன் தொடங்கிக் கொடுத்தது. பாஸ்வேர்டு அவர் நோட்டில் இருக்கிறது. ரெகவரி நம்பராக அவருடைய நம்பரேகூட இருக்கலாம். அவர் நல்லவராகவே இருக்கட்டும். அந்த நோட்டு மேசை மேல்தானே கிடக்கிறது? இன்ஸ்டாகிராமில் பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று ஒருவன் அழுத்தினால் லிங்க் போவது அந்த மெயிலுக்கு. மெயில் யார் கையிலோ, மற்ற எல்லாமும் அவர் கையில். ஆகவே முதலில் ஜிமெயில் பாஸ்வேர்டை மாற்றுங்கள், ரெகவரி நம்பரையும் மெயிலையும் பாருங்கள், அதன் பிறகு இன்ஸ்டாகிராமுக்கு வாருங்கள்.

ஜெராக்ஸ் கடையும் அப்படித்தான். அசைன்மெண்ட் பிரிண்ட் எடுக்க அந்தக் கடையின் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப் திறக்கிறீர்கள், பிரிண்ட் வந்ததும் காசு கொடுத்துவிட்டு ஓடிவிடுகிறீர்கள். அங்கே உங்கள் அரட்டை முழுவதும் திறந்தே கிடக்கிறது. எல்லோரும் இப்போதே ஃபோனை எடுங்கள், பரவாயில்லை, கல்லூரி முதல்வர் அம்மா ஒன்றும் சொல்லமாட்டார்கள். வாட்ஸ்அப்பில் லிங்க்டு டிவைசஸ் என்ற இடத்தைத் திறந்து பாருங்கள். உங்களுக்குத் தெரியாத கம்ப்யூட்டர் அதில் இருந்தால் அதைத் தொட்டு லாக் அவுட் கொடுங்கள்... சிலர் முகம் மாறுவது இங்கிருந்தே தெரிகிறது. கடை மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. உங்கள் ஃபோனை வாங்கி, தன் லேப்டாப்பில் வாட்ஸ்அப் வெப் காட்டும் க்யூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. பாஸ்வேர்டைப் பகிர்வதுதான் காதல் என்று நினைத்த காலத்தில் கொடுத்தவர்கள், பிரிந்த அன்றே மாற்றியிருக்க வேண்டும். இன்ஸ்டாகிராமிலும் அக்கவுண்ட்ஸ் சென்டருக்குள் எங்கெங்கே லாகின் ஆகியிருக்கிறது என்ற பட்டியல் உண்டு. பாஸ்வேர்டோடு ஓடிபி போன்ற இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். லாக் ஸ்கிரீனில் மெசேஜ் தெரிவதை நிறுத்துங்கள். பூட்டிய ஃபோனிலேயே ஓடிபி பளிச்சென்று தெரிந்தால் இரண்டடுக்கு இருந்தும் பயனில்லை. "உங்கள் புரொஃபைலை யார் பார்த்தார்கள்" என்று காட்டுவதாகச் சொல்லும் ஆப்கள் எல்லாமே பொய். அப்படி ஒரு வசதியை இன்ஸ்டாகிராம் யாருக்கும் தருவதில்லை. அந்த ஆப்களில் சில உங்கள் பாஸ்வேர்டை வாங்கத்தான் வருகின்றன.

சரி, இத்தனையும் செய்தும் ஒருவன் விடாமல் எழுதுகிறான். என்ன செய்வது? நம் பெண்கள் செய்வது எனக்குத் தெரியும். "அண்ணா" என்று கூப்பிட்டுப் பார்ப்பார்கள். "பிஸியா இருக்கேன் ப்ரோ" என்பார்கள். கோபப்படுத்திவிடக் கூடாதே என்று ஒரு சிரிப்பு பொம்மை போடுவார்கள். நாலு வருடம் கழித்து நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் அந்தப் பொம்மையைக் காட்டித்தான் "இவர்கள் நன்றாகத்தானே பேசியிருக்கிறார்கள்" என்பார். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-வது பிரிவு, அதாவது 2013-இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 354டி என்று சேர்க்கப்பட்டது, ஒரு பெண் தனக்கு விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் ஓர் ஆண் மீண்டும் மீண்டும் தொடர்புகொள்வதைக் குற்றம் என்கிறது. ஆகவே ஒரே ஒரு முறை, தெளிவாக எழுதுங்கள்: "எனக்கு விருப்பமில்லை. இனிமேல் எந்த வழியிலும் என்னைத் தொடர்புகொள்ள வேண்டாம்." மன்னிப்பு வேண்டாம், காரணம் வேண்டாம். அதை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அதன் பிறகு அவன் அழுதாலும், திட்டினாலும், கையை அறுத்துக்கொள்வேன் என்றாலும் பதில் எழுதாதீர்கள். இருபது மெசேஜுக்குப் பிறகு ஒரு பதில் போட்டால், இருபது அனுப்பினால் பதில் வரும் என்று அவன் கற்றுக்கொள்வான்.

அதே பிரிவில் இன்னொரு வரி பலருக்குத் தெரியாது. ஒரு பெண்ணின் இணையப் பயன்பாட்டையும் மின்னஞ்சலையும் ஓர் ஆண் கண்காணிப்பதே குற்றம்தான். முதல் தடவை 3 ஆண்டு வரை, மறுபடி செய்தால் 5 ஆண்டு வரை சிறை. நம் மாநிலத்தில் 1998-இல் ஒரு கல்லூரி மாணவியின் மரணத்துக்குப் பிறகு ஈவ் டீசிங் தடைச் சட்டம் வந்தது. பெண்கள் துன்புறுத்தல் தடைச் சட்டம் என்று பிறகு பெயர் மாறிய அதற்கு 2025 ஜனவரியில் சட்டமன்றம் திருத்த மசோதா நிறைவேற்றியபோது, மின்னணு வழியில் தரும் தொல்லையையும் சேர்த்தார்கள். ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். 78-வது பிரிவு ஆண் பெண்ணைப் பின்தொடர்வதை மட்டுமே பேசுகிறது. தொல்லைக்கு ஆளாகும் பையன்கள் மிரட்டல், ஆள்மாறாட்டம் போன்ற வேறு பிரிவுகளில்தான் போக வேண்டியிருக்கிறது. அவர்களும் இருக்கிறார்கள், வெளியே சொல்ல இன்னும் கூச்சப்படுகிறார்கள்.

உடனே பிளாக் செய்யலாமா? முகம் தெரியாதவன் அசிங்கமாக ஏதாவது அனுப்பினால் தாராளமாக. அவன் தொடங்கும் புதிய அக்கவுண்ட்டுகளையும் சேர்த்துத் தடுக்கும் வாய்ப்பை இன்ஸ்டாகிராம் தருகிறது. ஆனால் மிரட்டுகிறவன், தெரிந்தவன் என்றால் முதலில் சாட்சியைப் பத்திரப்படுத்துங்கள். அனுப்பியதை அவனே அழித்துவிட முடியும். ஸ்கிரீன்ஷாட்டை வெட்டாதீர்கள், சிவப்பு வட்டம் போடாதீர்கள், தேதியும் நேரமும் தெரியட்டும். ஐடி பெயரை நாளைக்கே மாற்றிவிடலாம் என்பதால் புரொஃபைலின் லிங்க்கையும் நகலெடுத்து வையுங்கள். ஒரு முறை மட்டும் பார்க்கும்படி அனுப்பிய படத்தை வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட் எடுக்க விடாது, இன்னொரு ஃபோனால் படம் பிடியுங்கள். சாட்சி இருக்கும் ஃபோனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள். மின்னணுச் சாட்சிக்கு பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின், அதாவது புதிய சாட்சியச் சட்டத்தின், 63-வது பிரிவில் ஒரு சான்றிதழ் வேண்டும், அதை வக்கீல் பார்த்துக்கொள்வார்.

எல்லா இடத்திலும் பிளாக் ஆனவன் ஜிபேயில் வருவான். சிரிக்காதீர்கள். ஒரு ரூபாய் அனுப்பி, குறிப்பு எழுதும் இடத்தில் "ஒரு தடவை பேசு" என்று எழுதுவான். மறுநாள் இன்னொரு ரூபாய். உங்களுக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். எனக்கோ அதைப் போல நல்ல சாட்சி கிடையாது. போலி ஐடியில் ஒளிந்திருந்தவன், வங்கிக்கு ஆதாரும் பான் கார்டும் கொடுத்துத் திறந்த சொந்தக் கணக்கிலிருந்து, தேதி நேரத்தோடு தானே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறான். படம் எடுத்து வைத்துக்கொண்டு, அங்கேயும் பிளாக் செய்யுங்கள்.

பெற்றோர்களே, இப்போது உங்களிடம். உங்கள் மகள் இதையெல்லாம் உங்களிடம் ஏன் சொல்வதில்லை தெரியுமா? சொன்னால் ஃபோன் போய்விடும். கொஞ்ச நாளில் காலேஜும் போய்விடும், மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுவீர்கள். "அப்பாகிட்ட சொல்லிடுவேன்" என்று மிரட்டுகிறவன் இந்த பயத்தை வைத்துத்தான் பிழைக்கிறான். 2016 ஜூனில் சேலம் மாவட்டத்தில் ஒரு பட்டதாரிப் பெண்ணின் முகத்தை வேறு படத்தில் ஒட்டி ஃபேஸ்புக்கில் போட்டார்கள். குடும்பம் போலீசுக்குப் போனது, நடவடிக்கை தாமதமானது. தான் யாருக்கும் படம் அனுப்பவில்லை, அதைப் பெற்றவர்களே நம்பவில்லையே என்ற வேதனையை எழுதி வைத்துவிட்டு அந்தப் பெண் உயிரை விட்டுவிட்டாள். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் பிறகு மன்னிப்புக் கேட்டார். உங்கள் பெண் வந்து சொல்லும்போது முதல் வாக்கியமாக "நீ ஏன் அவனிடம் பேசினாய்" என்று கேட்காதீர்கள். அதை எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம், அல்லது கேட்காமலே விடலாம். மாணவிகளே, தாங்க முடியவில்லை என்று தோன்றினால் 14416, டெலி மானஸ் என்ற மனநல உதவி எண். தமிழிலேயே பேசுவார்கள்.

அந்தரங்கப் படமோ ஒட்டு வேலை செய்த படமோ வெளியே வந்துவிட்டால், அல்லது வெளியிடுவேன் என்று மிரட்டினால், பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தால் மறுபடி கேட்பான். ஸ்டாப்என்சிஐஐ என்ற இணையதளம் உங்கள் படத்தை எங்கும் அனுப்பச் சொல்லாது. உங்கள் ஃபோனிலேயே அந்தப் படத்துக்கு ஓர் எண்குறியை உருவாக்கும். அந்தக் குறியை வைத்து ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்றவை அதே படம் ஏறுவதைத் தடுக்கும். 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு டேக் இட் டவுன் என்று தனியாக ஒன்று இருக்கிறது. இப்படிப்பட்ட படத்தைப் பற்றிப் பாதிக்கப்பட்டவர் புகார் செய்தால் நிறுவனம் 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் சொல்லியிருந்தன, 2026 திருத்தம் அதை 2 மணி நேரமாகக் குறைத்துவிட்டது. ஆகவே வெறும் ரிப்போர்ட் பட்டனோடு நிற்காமல், அந்த நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள்.

கடைசியாகக் காவல் நிலையம். தேசிய சைபர் குற்ற இணையதளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் பதியலாம். ஆனால் ஆள் யார் என்று தெரிந்திருந்தால் நேரில் போவதையே நான் சொல்வேன். தனியாகப் போகாதீர்கள். புகாரைக் கதையாக எழுதாமல் தேதிவாரியாக எழுதுங்கள். என்றைக்கு மறுத்தீர்கள் என்ற வரி கண்டிப்பாக இருக்கட்டும். "எங்கள் லிமிட் இல்லை" என்றால் ஜீரோ எஃப்ஐஆர் கேளுங்கள், எல்லை பார்க்காமல் பதிய வேண்டும் என்பது இப்போது சட்டத்திலேயே இருக்கிறது. பையனைக் கூப்பிட்டு எழுதி வாங்கிவிடுகிறோம் என்று சமாதானம் பேசுவார்கள். புகாரைப் பெற்றுக்கொண்டோம் என்று மட்டும் காட்டும் சிஎஸ்ஆர் ரசீதைக் கையில் கொடுத்து அனுப்பப் பார்ப்பார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அது எஃப்ஐஆர் அல்ல. எஃப்ஐஆர் போட மறுத்தால் அதே புகாரைப் பதிவுத் தபாலில் எஸ்.பி.க்கோ கமிஷனருக்கோ அனுப்புங்கள். அங்கும் நடக்கவில்லையென்றால் மாஜிஸ்ட்ரேட்டிடம் போகலாம். தபால் ரசீது பத்திரம், அதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

நேரமாகிவிட்டது. கேள்விகளை மைக்கில் கேட்க வேண்டாம், துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். பெயர் போடத் தேவையில்லை.