திருடி வந்தார்கள், ஒளித்துக் காத்தார்கள்

நண்பர்களே, பிரான்ஸ் என்றதும் நம் மனம் நேராகப் பாரிசுக்குப் போய்விடுகிறது. இன்று நான் தெற்கே, அவேரோன் மாவட்டத்தின் மலைச்சரிவில் உள்ள கோங்க் என்ற சிற்றூரைப் பற்றிப் பேசப்போகிறேன். கல் ஓடு வேய்ந்த வீடுகள், சரிவான சந்துகள், சில நூறு மக்கள். ஆனால் ஊருக்கு நடுவே நிற்பதோ ஒரு பெருநகரத்துக்குப் போதுமான தேவாலயம்.

இவ்வளவு பெரிய கோவில் இங்கே எழுந்ததற்கு மூலகாரணம் ஒரு திருட்டு! ரோமானியர் காலத்தில் அஜென் நகரில் கொல்லப்பட்ட சிறுமி புனித ஃபுவா. 9ஆம் நூற்றாண்டில் கோங்க் மடத்துத் துறவி ஒருவர் அஜெனுக்குப் போய், அங்கேயே பல ஆண்டுகள் தங்கி, நம்பிக்கையைச் சம்பாதித்துக்கொண்டு, ஒருநாள் அவளுடைய எலும்புகளை எடுத்து வந்துவிட்டார் என்பது மடத்தின் மரபுக் கதை. அதை அவர்கள் மறைக்கவில்லை, பெருமையாகவே எழுதி வைத்தார்கள். ஸ்பெயினில் உள்ள சாந்தியாகோ என்ற புனிதத் தலத்துக்கு நடந்துபோகும் திருப்பயணிகள் இங்கே திரண்டார்கள். காணிக்கையும் குவிந்தது.

அவளுக்கு அமைத்த சிலை உள்ளே மரம், மேலே பொன்தகடு. பயணிகள் தந்த மணிகளைப் பதித்துக்கொண்டே போனார்கள். ரோமானியர் செதுக்கிய பழைய மணிகளும் அதில் உண்டு. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே வந்த பெர்னார் என்ற படித்த குரு, முதலில் இதென்ன விக்கிரக வழிபாடு என்று முகம் சுளித்தார். அப்புறம் அவரே அந்தச் சிறுமியின் அற்புதங்களைத் தொகுத்து நூல் எழுதினார்.

இனிதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பிரெஞ்சுப் புரட்சியின்போது தேவாலயங்களின் பொன்னும் வெள்ளியும் நாடெங்கும் பறிமுதலாகி உருக்கப்பட்டன. கோங்க் மக்கள் தங்கள் கருவூலத்தைப் பங்குபோட்டு வீடுகளிலும் தோட்டங்களிலும் ஒளித்தார்கள். அவர்கள் ஒன்றும் செல்வந்தர்கள் இல்லை. ஒரு மணியைப் பெயர்த்து விற்றிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? ஆபத்து நீங்கியதும் திருப்பிக் கொடுத்தார்கள். வரலாற்றுச் சின்னங்களின் ஆய்வாளர் ப்ரோஸ்பர் மெரிமே 1837இல் வந்து, சிதைந்துகொண்டிருந்த கட்டடத்தைக் காப்பாற்ற வழிசெய்தார். பெரும்பாலும் அவர் பெயரைத்தான் சொல்கிறார்கள். அவர் வருவதற்கு முன்பே பாதி வேலையை ஊர்க்காரர்கள் முடித்துவிட்டார்கள் என்பது என் கட்சி.

அதே ஊர் 20ஆம் நூற்றாண்டில் முரண்டும் பிடித்தது. பக்கத்து ரோதேஸ் நகரில் பிறந்த ஓவியர் பியேர் சூலாஜ், தேவாலயத்தின் 104 சாளரங்களுக்கும் நிறமோ உருவமோ இல்லாத, ஒளியை மட்டும் கசியவிடும் கண்ணாடி அமைத்தார். புனிதர் படங்கள் எங்கே என்று எதிர்ப்பு கிளம்பியது. 1994இல் வேலை முடிந்தது. வெயில் நகர நகர அந்தக் கண்ணாடியில் நீலமும் இளஞ்சிவப்பும் மாறி மாறித் தெரிகின்றன. இன்று அதைப் பார்க்கவே ஆட்கள் வருகிறார்கள்.

வாசலுக்கு மேலுள்ள இறுதித் தீர்ப்புச் சிற்பத்தைச் சொல்லாமல் விட்டால் தப்பு. 12ஆம் நூற்றாண்டு வேலை, 124 உருவங்கள். நரகத்தில் கஞ்சன் பணப்பையோடு தொங்குகிறான். திருட்டு வேட்டைக்காரனை ஒரு முயல் நெருப்பில் வாட்டுகிறது! ஓரத்தில் சில முகங்கள், மூக்குவரை மட்டும் தெரிய, சுருளை விலக்கி எட்டிப் பார்க்கின்றன. கருவூலத்துப் பொன்னைப் பார்க்கச் சீட்டு வாங்க வேண்டும். முயலைப் பார்க்கக் காசு கேட்பதில்லை.