எல்லை: கேட்பவர் முதலில், சொல்பவர் பிறகு

மதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, கல்லூரி முதல்வர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பாடத்திட்டக் குழுப் பெருமக்களே, மூன்றாம் முறையாக என்னை அழைத்து மூன்றாம் முறையும் பொன்னாடை போர்த்திய கணிதத் துறையினரே, வணக்கம். தொடர்முறையின், அதாவது முடிவின்றி நீளும் எண் வரிசையின், எல்லையைப் பற்றி, வரலாறு, பொருள், கற்பிக்கும் மொழி என மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்.

வரலாறு சுருக்கமானது. 1821-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் கோஷி தம் பாடநூலில் எல்லையைச் சொற்களாலேயே வரையறுத்தார். எவ்வளவு நெருக்கம் என்பதை எப்சிலான் என்னும் கிரேக்க எழுத்தால் குறிக்கும் இன்றைய வடிவத்தை நிலைநிறுத்தியவர், பெர்லினில் கற்பித்த ஜெர்மானியக் கணித அறிஞர் வையர்ஸ்ட்ராஸ்.

எறும்பு ஊரக் கல்லும் தேயும். இந்தப் பழமொழியைச் சொல்லித்தான் நானும் பல ஆண்டுகள், 1, 1/2, 1/3 என்னும் தொடர்முறை பூச்சியத்தை நெருங்கிக்கொண்டே போகிறது, ஆகவே பூச்சியமே அதன் எல்லை என்று நடத்தினேன். ஒருநாள் கடைசி வரிசை மாணவி எழுந்து, “சார், அது மைனஸ் ஒன்றையும்தானே நெருங்கிக்கிட்டே போகுது?” என்றாள். வகுப்பு சிரித்தது, எனக்குச் சிரிப்பு வரவில்லை. மணி அடித்து என்னைக் காப்பாற்றியது.

மறுநாள் அவளையே கரும்பலகைக்கு அழைத்து, “எவ்வளவு நெருக்கம் வேண்டும், நீயே கேளம்மா” என்றேன். 0.01 என்றாள், நூறாம் உறுப்புக்குப் பிறகு எல்லாமே பூச்சியத்திலிருந்து அதற்கும் குறைவான தொலைவில் என்றேன். 0.001 என்றாள், ஆயிரம் என்றேன். “இனி மைனஸ் ஒன்றுக்குக் கேள்” என்றேன். அரை என்றாள். எந்த உறுப்பும் மைனஸ் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட தொலைவில்தான் இருக்கிறது. காட்ட எனக்கு இடமே இல்லை. “அப்ப கேட்கிறவங்கதான் முதல்ல, இடம் சொல்றவங்க அப்புறம், அவ்வளவுதானா சார்?” என்றாள். வரையறை முழுவதும் அதுதான். இடத்தை நான் முந்திச் சொல்லியிருந்தால், அங்கிருக்கும் தொலைவைவிடச் சிறிய அளவைக் கேட்டு என்னைத் தோற்கடித்திருப்பாள்.

எறும்பு ஊரக் கல்லும் தேயும், சரி; எவ்வளவு தேய வேண்டுமென்று கேட்டால் எத்தனை நாள் ஊர வேண்டுமென்று சொல்ல வேண்டாமா? அந்தப் பெண் இதைத் தமிழில் கேட்டதால்தான் எனக்கே விளங்கியது. ஆகவே பாடத்திட்டக் குழுவினரிடம் கேட்கிறேன்: எல்லையின் வரையறையைக் குறியீடின்றித் தமிழ்ச் சொற்களில் எழுதுக என்று, இரண்டு மதிப்பெண்ணுக்காவது, வரும் பருவத் தேர்வில் ஒரு வினா வையுங்கள்.