பிக்கப் டிரக்ல தண்ணி புகுந்தா ஒயரிங் எப்படிக் கெடுது, எங்கிருந்து தேடணும்

[காட்சி: சீட்டுக்கு அடியில இருந்து கழட்டின 12 பின் கனெக்டர், ரொம்பக் கிட்டத்துல]

இந்தக் கனெக்டரைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. மொத்தம் 12 பின். அதுல 2 பின் மட்டும் பச்சைக் களிம்பு பிடிச்சு, பாதி கரைஞ்சு, ஊசி மாதிரி மெலிஞ்சிருக்கு. மத்த 10 பின்னும் கிட்டத்தட்டப் புதுசு மாதிரியே இருக்கு. தண்ணி எல்லாத்து மேலயும்தான் நின்னுச்சு. அப்புறம் ஏன் 2 மட்டும்?

அந்த 2 பின்லயும் சாவியை எடுத்த பிறகும் 12 வோல்ட் பிளஸ் இருக்கும். அதான் காரணம். ஈரத்துல நிக்கிற ஏதாவது ரெண்டு பின்னுக்கு நடுவுல வோல்டேஜ் வித்தியாசம் இருந்தா, அங்க நடக்கிறது சாதாரணத் துரு இல்ல, மின்னாற்பகுப்பு. பிளஸ் பக்கத்துச் செம்பு கரைஞ்சு தண்ணிக்குள்ள இறங்குது. தண்ணி மூலக்கூறைப் பிரிக்கிறதுக்கே சுமார் 1.23 வோல்ட் போதும். இங்க அதைப் போல 10 மடங்கு இருக்கு. சுத்தமான தண்ணி கரண்ட்டை அவ்வளவா கடத்தாதுன்னு சொல்றது சரிதான். ஆனா கேபினுக்குள்ள வர்ற தண்ணி கூரைத் தூசியையும், கார்பெட் அழுக்கையும், செருப்போட வந்த உப்பையும் கரைச்சுக்கிட்டுதான் வருது.

அதனால உள்ள ஈரம்னு தெரிஞ்ச உடனே பேட்டரியோட மைனஸ் கேபிளைக் கழட்டிடுங்க. துடைக்கிறது, காயவைக்கிறது எல்லாம் அதுக்கு அப்புறம்.

[காட்சி: ஃபியூஸ் பாக்ஸ், எல்லா ஃபியூஸும் நல்லா இருக்கு]

"தண்ணி பட்டு ஷார்ட் ஆனா ஃபியூஸ் போகணுமே?" நிறைய பேர் இதுலதான் ஏமாந்து போறாங்க. ஒரு சின்னக் கணக்கு. ரெண்டு பின்னுக்கு நடுவுல இருக்கிற அழுக்குத் தண்ணியோட தடை 5,000 ஓம்னு வைங்க. 12 வோல்ட்டுக்கு அது வழியா ஓடுறது வெறும் 2.4 மில்லி ஆம்பியர். 15 ஆம்பியர் ஃபியூஸுக்கு அது கொசுக்கடி கூட இல்ல. 21 வாட் பிரேக் பல்பு 1.75 ஆம்பியர் இழுக்குது. அதுக்கும் இந்தக் கசிவு தெரியாது.

ஆனா பாடி கன்ட்ரோல் மாட்யூலுக்கு, அதாவது வைப்பர், ஹார்ன், கதவு லைட் மாதிரி வேலைகளைப் பாத்துக்கிற சின்னக் கம்ப்யூட்டருக்கு, தெரியும். கதவு ஸ்விட்ச், வைப்பர் ஸ்விட்ச் மாதிரி ஒரு இன்புட்ல, மாட்யூலுக்கு உள்ளேயே 10,000 ஓம் ரெசிஸ்டர் வழியா 12 வோல்ட் குடுத்திருக்காங்கன்னு வைங்க. ஸ்விட்சை அழுத்தினா அந்த ஒயர் எர்த் ஆகும், வோல்டேஜ் விழும். இப்ப அதே ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவுல 5,000 ஓம் தண்ணி உக்காந்தா, 12 வோல்ட் 4 வோல்ட்டா இறங்கிடும். யாரோ ஸ்விட்சை அழுத்திட்டாங்கன்னு மாட்யூல் நினைச்சுக்கும். வைப்பர் தானா ஓடுறது, ஆள் இல்லாம ஹார்ன் அடிக்கிறது, கதவு மூடியிருந்தும் "கதவு திறந்திருக்கு"ன்னு காட்டுறது, ராத்திரி முழுக்க மாட்யூல் தூங்காம பேட்டரி இறங்குறது, எல்லாத்துக்கும் இதுதான் அடிப்படை.

[காட்சி: வெட்டிப் பிரிச்ச ஒயர், உள்ள செம்பு இழைகள் கறுப்பா]

இன்னொண்ணு, தண்ணி ஒயருக்கு உள்ளேயே பயணம் பண்ணும். இழைகளுக்கு நடுவுல இருக்கிற இடுக்கு, விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி ஈரத்தை இழுத்துக்கிட்டே போகும். பின்னாடி டிரெய்லர் சாக்கெட்ல புகுந்த தண்ணி, சேஸிஸ் ஓரமா ஓடுற ஒயருக்குள்ளேயே நகர்ந்து, ரொம்பத் தள்ளி இருக்கிற மாட்யூல் கனெக்டர்ல தலைகாட்டும். வெளியில பிளாஸ்டிக் உறை பளபளன்னு இருக்கும். டெஸ்ட் பண்றதுக்காக ஊசியால ஒயரைக் குத்துறதும் தண்ணிக்கு வாசல் திறந்து விடுற வேலைதான். குத்தாதீங்க, கனெக்டரோட பின்பக்கமா மெல்லிய பின் விட்டு அளங்க.

[காட்சி: பிக்கப் கேபினோட பின்பக்கம், கண்ணாடிக்கு மேல மூணாவது பிரேக் லைட்]

சரி, தண்ணி எங்கிருந்து வருது? பிக்கப்ல முதல்ல சந்தேகப்பட வேண்டியது இந்த மூணாவது பிரேக் லைட்டைத்தான். கேபினோட பின்சுவர்ல ஓட்டை போட்டு, ஒரு மெல்லிய ஃபோம் கேஸ்கெட்டை வச்சு, ஸ்க்ரூவால இறுக்கியிருப்பாங்க. வெயில்ல அந்த ஃபோம் அப்பளம் மாதிரி நொறுங்கிடும். போதாததுக்கு, பெரும்பாலான பிக்கப்ல கேபினும் பின்னாடி லோடு பெட்டியும் தனித்தனியா ஒரு ஏணி சேஸிஸ் மேல உக்காந்திருக்கு. மேடு பள்ளத்துல சேஸிஸ் முறுக்கும்போதெல்லாம் கேபின் சீல்கள் இழுபடுது.

இங்க புகுற தண்ணி தலைக்கு மேல சொட்டாது. கூரைத் துணிக்குப் பின்னாடி இறங்கி, பின்சுவரோட உள்பக்கமா வழிஞ்சு, பின் சீட்டுக்குப் பின்னாடி போய், கார்பெட்டுக்கு அடியில இருக்கிற தடிமனான ஃபோம்ல ஊறிடும். மேல தொட்டா கார்பெட் காய்ஞ்சிருக்கும். கையை அடியில விட்டு அழுத்துங்க. பஞ்சு பிழிஞ்ச மாதிரி தண்ணி வரும். சீட்டுக்கு அடியில ஓடுற ஒயர் கட்டும், பல வண்டிகள்ல ஆம்ப்ளிஃபயரும் மாட்யூலும் உக்காந்திருக்கிறது அதே மட்டத்துலதான்.

அடுத்தது தள்ளித் திறக்கிற பின் கண்ணாடி. அதோட கீழ்ச் சட்டத்துல தண்ணி வெளியேற சின்னத் துளைகள் இருக்கும். மண் அடைச்சா தண்ணி உள்பக்கமா வழியும். முன்பக்கம் கண்ணாடிக்குக் கீழ இருக்கிற கௌல் பள்ளத்துல இலை அடைச்சா, தேங்குற தண்ணி ப்ளோயர் காத்து வழியா உள்ள வந்து கால் வைக்கிற இடத்துல இறங்கும். ஃபியூஸ் பாக்ஸோ பாடி மாட்யூலோ அந்தப் பக்க ஓரத்துல இருந்தா நேரா அது மேலயே.

கதவைப் பத்தி ஒரு தப்பான எண்ணம் இருக்கு. கண்ணாடி இறங்குற இடுக்கு வழியா மழைத் தண்ணி கதவுக்குள்ள போறது குறை இல்ல, அமைப்பே அப்படித்தான். அது கீழ்த் துளை வழியா வெளிய போயிடணும். ஸ்பீக்கர் மாத்துறேன், மோட்டார் மாத்துறேன்னு உள் பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழிச்சுட்டு அப்படியே மூடினாத்தான் தண்ணி கேபினுக்குள்ள வரும். அதே மாதிரி, பானெட் பக்கத்துல இருந்து எக்ஸ்ட்ரா லைட்டுக்கு ஒயர் இழுக்க ஃபயர்வால் ரப்பரைக் குத்தின ஓட்டையையும் பாருங்க.

ஏசி தண்ணியா இருந்தா தெளிவா இருக்கும், மழை இல்லாத நாள்லயும் வரும். டிரெயின் குழாய் அடைப்பு. பிசுபிசுன்னு, இனிப்பு வாடையோட இருந்தா அது கூலன்ட், கேபினைச் சூடாக்குற சின்ன ரேடியேட்டர்ல (ஹீட்டர் கோர்) கசிவு. மண் கலந்திருந்தா வெளித் தண்ணி.

[காட்சி: ஒருத்தர் ஹோஸோட வெளியில, ஒருத்தர் டார்ச்சோட உள்ள]

கசிவு டெஸ்ட்டுக்கு ரெண்டு பேர் வேணும். பின் சீட்டைக் கழட்டி, கூரைத் துணியோட பின் ஓரத்தை இறக்கி, பின்சுவர் முழுக்க டிஷ்யூ பேப்பரை ஒட்டுங்க. வெளியில இருக்கிறவர் பிரஷர் இல்லாத ஹோஸைக் கீழிருந்து மேல நோக்கிக் கொண்டு போகணும். ஒவ்வொரு இடத்துலயும் 5 முதல் 10 நிமிஷம் நிறுத்துங்க. மேல ஆரம்பிச்சா தண்ணி எல்லா சீல் மேலயும் வழிஞ்சு, எது குத்தவாளின்னே தெரியாது. பிரஷர் வாஷர் வேண்டாம். நல்ல சீலையும் அது தாண்டிப் போகும். சமதளத்துல ஒண்ணும் வரலைன்னா, வண்டி மூக்கை மேட்டுப் பக்கமா நிறுத்தி இன்னொரு தடவை பண்ணுங்க. சரிவுல மட்டும் ஒழுகுற கசிவு நிறைய உண்டு.

சன்ரூஃப் இருந்தா அதோட டிரெயின் குழாய்ல ஏர் கம்ப்ரஸரை வச்சு ஊதிடாதீங்க. அடைப்பு போகுதோ இல்லையோ, குழாய் உள் இணைப்புல இருந்து கழண்டுக்கும். தடிமனான நைலான் நரம்பை மெதுவா விட்டுத் தள்ளுங்க.

பிரேக் லைட்டை மாட்டும்போது பழைய ஃபோமை முழுசாச் சுரண்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால துடைச்சு, புது கேஸ்கெட்டோ பியூட்டைல் டேப்போ வைங்க. ஸ்க்ரூவை அளவா இறுக்குங்க, லென்ஸ் வெடிச்சா கதை திரும்ப முதல்ல இருந்து. காடி வாடை அடிக்கிற சிலிக்கான் இங்க ஆகாது. காயும்போது அசிட்டிக் ஆசிட் விடும், பக்கத்துல இருக்கிற செம்பை அது அரிக்கும். நியூட்ரல் வகைதான் வாங்கணும்.

[காட்சி: சீட்டுகள் வெளியே, கார்பெட் தூக்கி முட்டுக் குடுத்திருக்கு]

உள்ள காயவைக்கிறதுக்கு ஃபேனும் பொறுமையும் போதும். ஆனா ஃபோமைத் தூக்கி அடியில காத்து போக வழி பண்ணணும், 2, 3 நாள் ஆகும். சீட்டைக் கழட்டும்போது மஞ்சள் கனெக்டர் வந்தா அது ஏர்பேக். பேட்டரியைக் கழட்டி, வண்டி மேனுவல்ல போட்டிருக்கிற நேரம் காத்திருந்து அப்புறம் தொடுங்க. அதுல மல்டிமீட்டர் முனையை வைக்கவே கூடாது.

இப்ப அளவு எடுக்கலாம். மல்டிமீட்டர் பஸர் வச்சுப் பாத்து "ஒயர் நல்லா இருக்கு"ன்னு முடிவு பண்ணாதீங்க. 20 இழையில ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் பஸர் கத்தும். அந்த இழை லைட்டோட கரண்ட்டைத் தாங்காது. லோடு ஓடும்போது வோல்டேஜ் டிராப் பாக்கணும். பின் லைட்டை எரிய விட்டு, மீட்டரோட ஒரு முனையை பேட்டரி மைனஸ்லயும் இன்னொண்ணை லைட்டோட எர்த் பின்லயும் வைங்க. 0.1 வோல்ட்டுக்குள்ள இருக்கணும். எர்த்ல அரை ஓம் களிம்பு இருந்தாலே ஒரு பிரேக் பல்புக்கு கிட்டத்தட்ட 0.8 வோல்ட் அங்கேயே செத்துடும். பிரேக் மிதிச்சா இண்டிகேட்டர் மங்கலா எரியுதுன்னா கண்ணை மூடிக்கிட்டு எர்த்தைப் பாருங்க.

டேஷ்போர்டுல சம்பந்தமில்லாத எச்சரிக்கை லைட் எல்லாம் ஒண்ணா வந்தா கேன் லைனை, அதாவது மாட்யூல்கள் ஒண்ணோடொண்ணு பேசிக்கிற ரெண்டு ஒயரை, சந்தேகப்படுங்க. பேட்டரி கழட்டின நிலையில, டயக்னாஸ்டிக் சாக்கெட்ல 6-ஆம் பின்னுக்கும் 14-ஆம் பின்னுக்கும் நடுவுல பெரும்பாலான வண்டிகள்ல சுமார் 60 ஓம் வரணும். ரெண்டு முனையிலயும் 120 ஓம் இணையா இருக்கு. 120 வந்தா ஒரு பக்கம் அறுந்திருக்கு. 60-க்குக் கீழ ஆடிக்கிட்டே இருந்தா ஈரம் நிக்கிற கனெக்டரை ஒண்ணொண்ணாக் கழட்டுங்க. எதைக் கழட்டினதும் அளவு நிக்குதோ, அதான்.

[காட்சி: களிம்பு பிடிச்ச பின், பிரஷ், கிரிம்பிங் பிளையர்]

களிம்பு லேசா இருந்தா காண்டாக்ட் கிளீனரும் நைலான் பிரஷ்ஷும் போதும். மேல் முலாம் போய்ச் செம்பு தெரிஞ்சா சுத்தம் பண்றது வீண், அந்த டெர்மினலை மாத்துங்க. ஒயரைப் பளிச்சுனு செம்பு வர்ற வரைக்கும் வெட்டிக்கிட்டே போகணும். கறுப்பு நீண்டுக்கிட்டே போனா அந்த நீளம் முழுக்கப் புது ஒயர், அதே தடிமன்ல. இணைப்புக்கு கிரிம்ப், மேல உள்பக்கம் பசை இருக்கிற ஹீட் ஷ்ரிங்க். அதிர்வு இருக்கிற இடத்துல சால்டர் பண்ணினா, சால்டர் முடியற இடத்துல ஒயர் விறைச்சு உடையும். டைஎலக்ட்ரிக் கிரீஸை ரப்பர் சீல்ல மெல்லிசாத் தடவுங்க, பின்னுக்குள்ள அடைக்காதீங்க. மாட்டும்போது ஒயரைக் கனெக்டருக்குக் கீழ ஒரு வளைவு தொங்கவிட்டு மேல ஏத்துங்க. வழிஞ்சு வர்ற தண்ணி வளைவுல சொட்டிடும், கனெக்டருக்குள்ள போகாது.

நனைஞ்ச மாட்யூலைத் திறந்து 99 சதவீத ஆல்கஹாலால கழுவி, நல்லாக் காயவச்சுப் பாக்கலாம். சில நேரம் பிழைக்கும். சிப் கால்களுக்கு நடுவுல களிம்பு ஏறியிருந்தா மாத்துறதுதான் வழி. பல மாட்யூல்களுக்கு வண்டியோட சேத்து புரோகிராமிங் வேணும்; ஒழுக்கை அடைக்காம அதை மாட்டினா புதுசும் அதே மாதிரி கருகும்.

கனெக்டர் எல்லாம் மாட்டின பிறகு, பேட்டரி மைனஸுக்கும் அதோட கேபிளுக்கும் நடுவுல ஆம்பியர் மீட்டரை மாட்டி, வண்டியைப் பூட்டி 40 நிமிஷம் விட்டுப் பாருங்க. 50 மில்லி ஆம்பியருக்குள்ள வந்தா மாட்யூல்கள் தூங்குது. அதுக்கு மேல நின்னா, கதவைத் திறக்காம, ஒவ்வொரு ஃபியூஸ் முதுகுலயும் இருக்கிற ரெண்டு புள்ளியில மில்லி வோல்ட் பாருங்க. எதுல காட்டுதோ அந்த லைன்ல கரண்ட் ஓடுது, அங்க இன்னும் ஈரம் இருக்கான்னு பாருங்க. அது சரியானதும் அதே ஹோஸ் டெஸ்ட், அதே டிஷ்யூ, சரிவுல நிறுத்தி இன்னொரு தடவை. டிஷ்யூ காய்ஞ்சபடியே இருந்தாத்தான் கார்பெட்டை இறக்கி சீட்டை மாட்டணும்.